என்ன செய்யுது, அம்மா?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் தகரம் இறக்கும் நேரம் காலை ஏழரை மணி. லொறி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வந்த வான்காரர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கமாட்டார். சுமை தூக்கும் நாட்டாமைமார் இரண்டிரண்டு பேராகத் தகரக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாய்க் கடைக்குள் போவார்கள். அந்தத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் நான் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு காலை, தோளிலிருந்து சரிந்த தகரத்தின் ஓரம் ஒரு நாட்டாமை அண்ணனின் தொடையைப் பிளந்துவிட்டது.

என்னிடம் முதலுதவிச் சான்றிதழ் இருந்தது. இரண்டு நாள் வகுப்பில் எடுத்தது. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் நாட்களில் தொண்டராக நின்ற பழக்கமும் இருந்தது. ஆடிவேலில் எங்களிடம் வருவது வெயில் மயக்கமும் கால் கொப்புளமும்தான். இது அப்படியல்ல. இரத்தம் விட்டு விட்டு எகிறியது. தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் கோப்பித் தூள் டின்னோடு ஓடி வந்தார். அதைக் காயத்தில் போடவிடாமல் தடுத்தேன். நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். ஒரு சாரத்தைச் சுருட்டி வைத்து அமத்தினேன். நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்த்தேன். திரும்ப அமத்தினேன், திரும்பத் தூக்கிப் பார்த்தேன். த்ரீவீலில் ஏற்றி பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவு வாசலுக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை தரம் தூக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தார். இப்போது பாரம் தூக்குவதில்லை, லொறிகளுக்குத் துண்டு எழுதுகிறார். என்னைக் காணும்போதெல்லாம் "தம்பி" என்று கையைப் பிடித்துக்கொள்வார். உறைய வந்த இரத்தத்தை நான்தான் ஒவ்வொரு தரமும் துணியோடு சேர்த்து உரித்து எடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் போன மாதம்தான் தெரிய வந்தது.

போன மாதம் கடையில் ஐந்து நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு பயிற்சிக்குப் போனேன். அம்புலன்ஸ் வந்து சேரும்வரை நோயாளியின் பக்கத்தில் நிற்கப் போகிறவர்களுக்கான மேல்நிலை அவசர சிகிச்சைப் பயிற்சி. பொரளைப் பக்கம் ஒரு மண்டபம், பதினெட்டுப் பேர். அதில் தீயணைப்புக்காரர் சிலர், கல்கிசைக் கடற்கரையில் உயிர்காப்பு வேலை பார்க்கும் ஒரு சிங்களத் தம்பி, ஹோட்டல் பாதுகாப்பு ஆட்கள், மாளிகாவத்தையில் ஜனாஸா வாகனம் ஓட்டும் ஒரு நானா, கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கும் டீச்சர், நான். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். பாடம் சிங்களத்தில் நடந்தது, நோட்டு ஆங்கிலத்தில் இருந்தது. எங்களுக்குப் படிப்பித்த மிஸ் பல வருடம் அம்புலன்ஸில் ஓடியவர். தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச வராது.

முதல் நாள் முழுக்க மூச்சைப் பற்றித்தான். நெஞ்சை அழுத்தும் பாடம் பலருக்குத் தெரிந்ததுதான்: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.ஐத் தாண்டாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாற வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் நான் நன்றாகத்தான் அழுத்துகிறேன் என்று நினைத்தேன். பொம்மையின் மீற்றரோ ஆழம் குறைந்துவிட்டதாகக் காட்டியது. களைப்பு கைக்கு வந்த பிறகுதான் தலைக்குத் தெரிகிறது.

எனக்குப் புதிதாக இருந்தது பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுப்பது. பெரியவர்களுக்கான பை ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் பிடிக்கும். ஒரு மூச்சுக்கு வேண்டியதோ அரை லீற்றருக்குச் சற்று மேல். பதற்றத்தில் பையை முழுதாய் நெரித்தால் காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி மேலே வரும், அது சுவாசக் குழாய்க்குள் இறங்கும். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு ஆறு செக்கனுக்கு ஒன்று, ஒரு செக்கன் நீளத்துக்கு, நெஞ்சு எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். ஒருவர் இரண்டு கையாலும் முகமூடியை முகத்தோடு சேர்த்துப் பிடிக்க மற்றவர் பையை அழுத்துவதே நல்லது. நானும் நானாவும் அப்படிச் செய்தோம். அவர் பிடித்துக்கொண்டு வாய்க்குள் "ஒண்டு, ரெண்டு, மூணு" என்று எண்ண, ஆறு வரும்போது நான் அழுத்தினேன். ஒரு மணித்தியாலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே தாளம் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் இரத்தம். ஸ்பொஞ்சுக் கட்டை ஒன்றில் ஆழமாய்க் கீறி, உள்ளே குழாய் விட்டு, சிவப்புத் தண்ணீர் பாய்ச்சினார்கள். காயத்துக்குள் விரலை விட்டு இரத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அந்த இடத்தில் கோஸ் துணியைத் திணிக்க ஆரம்பித்து, இனி இடமில்லை என்னும்வரை விரலாலேயே நிரப்ப வேண்டும். பிறகு முழங்கையை மடக்காமல் இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தை இறக்க வேண்டும். இரத்தம் உறைய மருந்து பூசிய துணியென்றால் மூன்று நிமிடம், சாதாரணத் துணியென்றால் பத்து நிமிடம். அந்த நேரத்தில் காயத்தைப் பார்க்கக் கூடாது, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்றார் மிஸ். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி பத்து நிமிடம் அமத்தினேன். அந்த அண்ணனின் முகம் முழுக்க அந்த மணிக்கூட்டில்தான் இருந்தது.

கை கால் என்றால் இறுக்குப் பட்டி. காயத்துக்கு மேலே நாலு விரல் அளவு தள்ளி, மூட்டின் மேல் வராமல், இரத்தம் நின்று கீழே நாடி இல்லாமல் போகும்வரை முறுக்க வேண்டும். நோயாளி கத்துவார், கத்துகிறாரே என்று தளர்த்தக் கூடாது. போட்ட நேரத்தை எழுதி வைக்க வேண்டும். தோள்மூட்டு, இடுப்புக் கவடு போன்ற பட்டி போட முடியாத இடங்களுக்குத்தான் திணிப்பு. நாலு வருடத்துக்கு முன் என் கையில் அப்படி ஒரு பட்டி இருந்திருந்தால் என்று இப்போது நினைத்துப் பயனில்லை. கடையில் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன், முதலாளி காசு கொடுத்தார்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்லத்தான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஸ் என்னை வெளியே கூப்பிட்டார். "இப்ப நீங்கதான் நோயாளி. அறுபத்தெட்டு வயது அம்மா, மாரடைப்பு. உங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்" என்று சிங்களத்தில் சொன்னார். என்ன பேச வேண்டும் என்று எதுவும் தரவில்லை. நான் என் அம்மாவாக இருப்பதென்று முடிவு செய்துகொண்டேன்.

கதிரையில் சரிந்து உட்கார்ந்தேன். கல்கிசைத் தம்பியும் ஒரு தீயணைப்பு அண்ணனும் பையோடு ஓடி வந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: என்ன கஷ்டம், எந்த மருந்து ஒத்துவராது, என்ன மருந்து எடுக்கிறார், முன்பு என்ன வருத்தம், கடைசியாக என்ன சாப்பிட்டார், இது வரும்போது என்ன செய்துகொண்டிருந்தார். தம்பி அதைச் சிங்களத்தில் பிசகாமல் கேட்டார். நான் அம்மா சொல்வதுபோலச் சொன்னேன்: "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது மகன். வாய்வு போல. ராவைக்குக் கடலை சாப்பிட்டது."

தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அம்மா, வலி? வலி?" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். "வலி இல்ல மகன். பாரமா இருக்கு. அடைக்குது."

அவர்களை ஏமாற்ற அப்படிச் சொல்லவில்லை. என் அம்மா அப்படித்தான் சொல்லுவார். வலி என்பது அவருக்கு முழங்காலில் வருவது, பல்லில் வருவது. நெஞ்சில் வருவது பாரம், அடைப்பு, எரிவு, வாய்வு. பலர் அதை முதலில் வாய்வு என்றுதான் நினைப்பார்கள், வெந்தயமும் பெருங்காயமும் கரைத்துக் குடித்துவிட்டு விடியும்வரை பார்த்திருப்பார்கள்.

கடைசியில் தம்பி, அம்புலன்ஸ் ஆளாக நின்ற மிஸ்ஸிடம் ஒப்படைத்தார்: "68 வயது, வயிற்றுக் கோளாறு, நெஞ்சுவலி இல்லை." நாடி பார்த்தது, ஒட்சிசன் அளவு பார்த்தது எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். சொல் ஒன்று போனதால் நோயே மாறிப் போனது.

பிறகு ஆள் மாற்றினார்கள். டீச்சர் நோயாளி, நான் பார்க்கப் போகிறவன். இரண்டு பக்கமும் தமிழ், இதில் என்ன பிழை வரப் போகிறது என்று போனேன். ஆங்கில நோட்டை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு, "அம்மா, வலியின் தன்மை எப்படிப்பட்டது?" என்று கேட்டேன்.

டீச்சர் யாழ்ப்பாணத்து ஆச்சியாக இருந்தார். "என்ன தம்பி கேக்கிறியள்?"

"ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா?"

"ஒவ்வாமையோ? அதென்ன வருத்தம்?"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. பிறந்த நாளிலிருந்து பேசும் பாஷை, அதில் ஒரு வருத்தக்கார ஆச்சியிடம் கேள்வி கேட்கத் தெரியவில்லை. அஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கச் சொல்லலாமா என்பது அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளுமா, வயிற்றுப் புண்ணால் இரத்தம் போனதுண்டா என்பதைக் கேட்டு அறியாமல் கொடுக்க முடியாது.

டீச்சர் வேடத்தைக் கலைத்துவிட்டுச் சொன்னார், "எங்கட வீட்டில வருத்தம் பாக்க வாறவை எல்லாம் என்ன கேப்பினம்? 'என்ன செய்யுது?' எண்டுதானே?"

என்ன செய்யுது. அந்தக் கேள்வியில் வலி இல்லை, நெஞ்சு இல்லை, எந்த உறுப்பும் இல்லை. கேட்கிறவர் எதையும் வாயில் ஊட்டிவிடுவதில்லை. அதற்கு ஆச்சி தன் சொல்லில் பதில் சொல்லுவா: நோகுது, உளையுது, குத்துது, விறைக்குது, இழுக்குது, அந்தரமா இருக்கு. மாளிகாவத்தை நானா "எங்கட உம்மா 'நோவுது'ண்டுதான் சொல்லுவா" என்றார். கொழும்பில் வலிக்குது என்பவரும் உண்டு, நோகுது என்பவரும் உண்டு. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வீடுகளில் வேலை செய்யும் அக்காமார் சொல்லும் சொல் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு நாம் வலி என்று எழுதுகிறோம்.

நாலாம் நாள் இது இன்னும் கூர்மையானது. தலையில் அடிபட்டவரின் உணர்வு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல். 1974இல் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கிளாஸ்கோ நகரில் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டு அல்லது அதற்குக் கீழே என்றால் அவருடைய சுவாசப் பாதையை அவரே காத்துக்கொள்வார் என்று நம்பக் கூடாது. பேச்சில் முழுப் புள்ளி கிடைக்க இது என்ன இடம், என்ன மாதம் என்று தெளிவாய்ச் சொல்ல வேண்டும். அசைவில் முழுப் புள்ளிக்குச் சொன்னதைச் செய்ய வேண்டும். நான் கையை உயர்த்தி மிஸ்ஸிடம் கேட்டேன்: சொன்னது விளங்காவிட்டால்?

பாதுகாப்பு ஆட்களில் ஒருவர் அதற்குள் பதில் சொல்லிவிட்டார். "புள்ளி குறையும்."

புள்ளி குறையும், ஆனால் மூளையில் ஒன்றும் நடந்திருக்காது. மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே குழம்பிப் பேசுகிற ஒருவரை, அவர் தமிழில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிடவும் கூடும். பலர் ஒரேயடியாகக் காயப்படும்போது ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் அவசரத்தின்படி சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று பிரிக்கும் முறையிலும் இதே இடறல்தான். மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேலா, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா. மூன்றாவது கேள்வி கேட்கப்படும் பாஷையில் இருக்கிறது. அதற்கு முன்பே, "நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட வேண்டும். அது விளங்காமல் உட்கார்ந்திருப்பவர் நடக்க முடியாதவர் ஆகிவிடுகிறார்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21ஆம் திகதி காலை நான் கொட்டாஞ்சேனையில் வீட்டில் இருந்தேன். கொச்சிக்கடைப் பக்கம் ஓடிப் போனேன், உள்ளே விடவில்லை. அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எந்தச் சமயத்து ஆளும் வருவார், எந்தப் பாஷைக்காரரும் வருவார், சிறு வயதில் அம்மா என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். அன்று வாகனங்கள் என்னைக் கடந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு இரண்டு கையும் இருந்தன, என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த மண்டபத்தில் மிஸ் நிறச் சீட்டுகளைப் பரப்பியபோது நான் சற்று நேரம் வெளியே போய் நின்றுவிட்டுத்தான் வந்தேன். திரும்பி வந்ததும் இரண்டு பாஷையிலும் கத்திக் கூப்பிட்டுப் பழகினேன். தீயணைப்பு அண்ணன்மாரும் கூப்பிட்டார்கள்: "நடக்க ஏலுமானவங்க எல்லாம் இங்க வாங்க!"

அன்று பின்னேரம் டீச்சரும் நானாவும் நானும் மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு அரைத்தாளில் எழுதினோம். புத்தகச் சொல் ஒன்றும் வரக் கூடாது, எங்கள் அம்மாமாருக்கு உடனே விளங்க வேண்டும் என்பதுதான் விதி. என்ன செய்யுது? எந்த இடத்தில, கையால காட்டுங்க. முதுகுக்கு, கைக்கு, தாடைக்குப் போகுதா? மூச்சு எடுக்க ஏலுதா? எந்த மருந்தாவது ஒத்துவராதா, போட்ட உடனே உடம்பு தடிச்சதா? சீனி இருக்கா, பிரஷர் இருக்கா? என்ன குளிசை போடுறீங்க? கிளினிக் கொப்பி எங்க? இந்தக் கடைசிக் கேள்வி நானா சேர்த்தது. கொழும்பில் எந்த வீட்டிலும் கிளினிக் கொப்பியும் குளிசை அட்டைகளும் ஒரே ஷொப்பிங் பையில், சாமிப் படத்துக்குக் கீழேயோ அலுமாரி மேலேயோ இருக்கும். அந்தப் பை கிடைத்தால் பாதிக் கேள்வி தேவையில்லை.

அதிக நேரம் எடுத்தது பாரிசவாதத்துக்கான கேள்வி. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் எல்லை, அது வருத்தம் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணப்படும். "எத்தனை மணிக்குத் தொடங்கினது?" என்று கேட்டால், "காலையில எழும்பேக்க வாய் கோணி இருந்தது" என்பார்கள். நாம் ஆறு மணி என்று எழுதுவோம். ஆனால் அவர் நித்திரையில் இருந்தபோதே வந்திருக்கலாம். கேட்க வேண்டியது, "கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் கண்டது, எப்ப?" என்று. அதற்கும் எங்கள் ஆட்கள் மணி சொல்வதில்லை. சீரியல் முடியும்போது நல்லாத்தான் இருந்தார் என்பார்கள், சுபஹு பாங்குக்கு எழும்பித் தொழுதார் என்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் மணியையும் போட வேண்டும்.

தாள் முடிந்ததும் கல்கிசைத் தம்பி வந்து எட்டிப் பார்த்தார். "அய்யே, இதைச் சிங்கள எழுத்தில் தமிழாக எழுதித் தாங்களேன்" என்றார். எழுதினோம். மிஸ் அதைப் பதினெட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார்.

பயிற்சிகளை நடத்துகிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன். ஐந்து நாளில் அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். உண்மையான ஒரு தமிழ் அம்மாவையோ, சிங்கள அம்மாவையோ, உம்மாவையோ கூட்டி வந்து கதிரையில் உட்கார வைத்து, அவர் தன் வாயால் சொல்வதைக் கேட்கப் பழக்குங்கள். காதில் விழுந்ததை அப்படியே அம்புலன்ஸ்காரருக்குச் சொல்லவும் பழக்குங்கள்: "நெஞ்சு அடைக்கிறது என்கிறார், வலி இல்லை என்கிறார்." ஒட்சிசன் சிலிண்டரைத் திறக்கப் பழக்குவது போலவே இதுவும் கை பழகினால்தான் வரும்.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் தெருவில் இன்னும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுவசெரிய என்ற இந்த அம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது, 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் போனது. காசு இல்லை. வண்டியில் சாரதியோடு அவசர சிகிச்சை பழகிய ஒருவரும் வருவார். தமிழில் பேசலாம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: சந்தி, பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது கடை, ஒழுங்கை. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான நகரத்து வீடுகளுக்குள் வண்டி வராது, ஆகவே ஒரு பிள்ளையை ஒழுங்கை வாசலுக்கு அனுப்புங்கள். இன்னொருவர் மோட்டார் சைக்கிள்களை ஓரம் கட்டட்டும். அடுக்குமாடி பிளட்ஸ் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, கையில்லாத உறுதியான கதிரை ஒன்றைத் தயாராய் வைத்திருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்கிசைத் தம்பி போன் எடுத்தார். பின்னால் கோச்சி போகும் சத்தம், கடற்கரையில் நிற்கிறார் போலிருந்தது. அதற்கு முதல் நாள் வெள்ளவத்தையிலிருந்து குளிக்க வந்த ஒரு தமிழ் ஐயா மணலில் உட்கார்ந்துவிட்டாராம். தாளை எடுக்கக்கூட நேரமில்லை, முதல் கேள்வி மட்டும் வாயில் வந்தது, "என்ன செய்யுது ஐயா?" என்று கேட்டேன் என்றார். ஐயா தன் தலையைத் தொட்டு, பிறகு வயிற்றைத் தொட்டு, "சீனி இறங்கிட்டுது போல மகன், காலையில குளிசை போட்டது, சாப்பிடேல்ல" என்றாராம். சீனி, குளிசை இரண்டும் தாளில் இருந்த சொற்கள், அதனால் விளங்கியது. இனிப்புத் தேத்தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருந்து, மகள் வந்ததும் ஒப்படைத்திருக்கிறார்.

"அய்யே, மிச்சத்தையும் வாசிக்கிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்" என்றார். நான் பேரேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாய் வாசித்தார். குளிசையில் ளகரம் அவருக்கு லகரமாகத்தான் வந்தது. பரவாயில்லை, அம்மாமாருக்கு விளங்கும், அடுத்ததை வாசியுங்கள் என்றேன்.